செல்லாத முடிவைக் கண்டுபிடிப்பது எப்படி: படிப்படியான வழிகாட்டி

சில கூற்றுகள் தரப்படுகின்றன. அவற்றின் கீழே ‘ஆகவே’ என்று ஒரு முடிவு வருகிறது. அந்த முடிவு மேலே உள்ள கூற்றுகளிலிருந்து உண்மையிலேயே வருகிறதா, அல்லது வருவது போலத் தோன்றுகிறதா? இதைச் சோதிக்கும் வேலையைத்தான் இங்கே வரிசையாகப் பார்க்கிறோம். வரிசை முக்கியம். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் நேராக ஐந்தாம் படிக்குத் தாவி, மூன்றாம் படியில் செய்யாமல் விட்ட வேலையால் அங்கே தடுக்கி விழுகிறார்கள்.

1. சோதனைக் கேள்வி ஒன்றே ஒன்றுதான்

கூற்றுகள் எல்லாம் உண்மையாக இருந்தும், முடிவு மட்டும் பொய்யாக இருக்க ஏதாவது வழி உண்டா? உண்டு என்றால் முடிவு செல்லாது. எந்த வழியும் இல்லை என்றால் செல்லும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை காண உதவும் கருவிகள்தாம்.

இந்தக் கேள்வியில் இல்லாத ஒன்றைக் கவனியுங்கள்: முடிவு உண்மையா என்று அது கேட்கவே இல்லை.

*எல்லா யானைகளும் பாலூட்டிகள். சில பாலூட்டிகள் தாவர உண்ணிகள். ஆகவே எல்லா யானைகளும் தாவர உண்ணிகள்.*

மூன்று வரியும் உண்மை. ஆனால் முடிவு செல்லாது. யானை இருக்கும் இடத்தில் சிங்கத்தை வையுங்கள். முதல் இரண்டு வரிகளும் உண்மையாகவே நிற்கும்; மூன்றாவது பொய்யாகிவிடும். யானை தாவரம் உண்கிறது என்பதை நாம் வெளியிலிருந்து அறிந்து வைத்திருக்கிறோம். மேலே உள்ள இரண்டு வரிகள் அதைத் தரவில்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. *எல்லா மீன்களும் பறக்கும். சுறா ஒரு மீன். ஆகவே சுறா பறக்கும்.* முதல் கூற்றும் பொய், முடிவும் பொய். ஆனாலும் முடிவு செல்லும். முதல் கூற்றை ஒப்புக்கொண்டவர் முடிவை மறுக்க முடியாது.

நம்பத் தகுந்த முடிவைக் கண்டதும் சோதனையை நிறுத்திவிடுவது இந்தத் துறையில் பரவலான பிழை. அதனால், முடிவு உங்களுக்குப் பிடித்ததாக இருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

2. முடிவைப் பிரித்தெடுத்துக் கடைசியில் எழுதுங்கள்

தாளும் பென்சிலும் தேவை. மனதுக்குள்ளேயே செய்தால் கூற்று எது, நீங்களாகச் சேர்த்தது எது என்பது கலந்துபோகும். ஒவ்வொரு கூற்றையும் தனி வரியில் எழுதி, கீழே கோடு போட்டு, கோட்டுக்கு அடியில் முடிவை எழுதுங்கள்.

பேச்சிலும் எழுத்திலும் முடிவு எப்போதும் கடைசியில் வராது. ‘ஆகவே’, ‘எனவே’, ‘ஆதலால்’ ஆகியவற்றுக்குப் பின்னால் வருவது முடிவு. ‘ஏனென்றால்’, ‘ஏனெனில்’ ஆகியவற்றுக்குப் பின்னால் வருவது கூற்று. அப்படியானால் முடிவு அதற்கு முன்னால் இருக்கிறது. ‘என்பதால்’ இதற்கு எதிர்ப்புறம் பார்க்கும்: அதற்கு முன்னால் கூற்று, பின்னால் முடிவு. ‘வந்திருக்க வேண்டும்’, ‘இருந்தாக வேண்டும்’ போன்ற வினைமுற்றுகளும் முடிவைக் காட்டிக்கொடுக்கும்.

‘அதனால்’ மட்டும் இரண்டு வேலை செய்யும். ‘மழை பெய்தது, அதனால் தரை நனைந்தது’ என்பது காரணமும் விளைவும்; அங்கே யாரும் எதையும் நிரூபிக்கவில்லை. ‘தரை நனைந்திருக்கிறது, அதனால் மழை பெய்திருக்க வேண்டும்’ என்பதுதான் வாதம். முதல் வகையைச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

முடிவில் ‘அநேகமாக’, ‘பெரும்பாலும்’ என்று இருந்தால் அந்த வாதமும் இந்தச் சோதனைக்கு உரியதல்ல. அது சாத்தியக்கூற்றைப் பற்றிப் பேசுகிறது. அதை ‘செல்லாது’ என்று தள்ளுவது அளவுகோலை மாற்றிப் பிடித்த கதை.

3. சொற்களின் பொருளை முதலில் கட்டிப்போடுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. பாதிக்கு மேற்பட்ட குழப்பம் வாதத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. தமிழில் ஒரு விகுதி மாறினாலே வாதம் திசை திரும்பிவிடும்.

-ஆல், -ஆல்தான், -ஆலும். மூன்று வாக்கியங்களை ஒப்பிடுங்கள்.

‘சாவி இருந்தால் கதவு திறக்கும்’: சாவி இருக்கிறது என்பதிலிருந்து கதவு திறக்கும் என்பதற்குப் போகலாம்.

‘சாவி இருந்தால்தான் கதவு திறக்கும்’: திசை திரும்பிவிட்டது. கதவு திறந்தது என்பதிலிருந்து சாவி இருந்தது என்பதற்குப் போகலாம். சாவி இருக்கிறது என்பதிலிருந்து எங்கும் போக முடியாது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கலாம்.

‘சாவி இருந்தாலும் கதவு திறக்காது’: இங்கே நிபந்தனையே இல்லை. கதவு திறக்காது, அவ்வளவுதான்.

மட்டும். ‘உறுப்பினர்கள் மட்டும் உள்ளே போகலாம்’ என்பது ‘உள்ளே போகிறவர் எல்லாரும் உறுப்பினர்’ என்று பொருள்படும். எல்லா உறுப்பினர்களும் உள்ளே போகலாம் என்று அது உறுதி சொல்லவில்லை. ‘உறுப்பினரைத் தவிர யாரும் போக முடியாது’ என்பதற்கும் இதே பொருள்தான்.

எல்லாரும் … இல்லை. ‘எல்லாரும் வரவில்லை’ என்றால் ஒருவர்கூட வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? தமிழில் இரண்டுக்கும் இடம் உண்டு. இப்படி ஒரு வரி வந்தால், ‘யாரும் வரவில்லை’ என்றோ ‘வராதவர் சிலர் உண்டு’ என்றோ திருத்தி எழுதாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. எது பொருள் என்று தெரியாவிட்டால் இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

சில. குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். அன்றாடப் பேச்சில் ‘சிலர் தேறினார்கள்’ என்றால் மற்றவர் தேறவில்லை என்று எடுத்துக்கொள்வோம். இங்கே அப்படி எடுத்தால், வராத முடிவு ஒன்று ஓசையில்லாமல் உள்ளே நுழைந்துவிடும்.

அல்லது. வேறு குறிப்பு இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம். அதனால் ‘இது அல்லது அது, இது உண்டு, ஆகவே அது இல்லை’ என்பது செல்லாது. ‘இது இல்லை, ஆகவே அது’ என்பது செல்லும்.

அளவுச் சொல்லே இல்லாத வாக்கியம். ‘பறவைகள் பறக்கும்’ என்பதில் ‘எல்லா’வும் இல்லை, ‘சில’வும் இல்லை. ‘எல்லா’ என்று எடுத்தால் நெருப்புக்கோழி வந்து நிற்கும். எதை எடுத்தீர்கள் என்பதைத் தாளில் எழுதிவையுங்கள்.

ஒரு, ஒரே. ‘ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு’ என்பதிலிருந்து ‘எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் ஒரு சாவி உண்டு’ என்று வராது. எழுத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். ‘ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு காரணம் உண்டு, ஆகவே எல்லாவற்றுக்கும் மூலமான ஒரு காரணம் உண்டு’ என்று சொன்னால் பலர் தலையசைத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே தாவல்தான்.

4. எழுத்துகளாக மாற்றுங்கள்

பொருள் தெளிந்த பிறகு, சொற்களை எடுத்துவிட்டு ‘க’, ‘ச’, ‘த’ என்று எழுத்துகளைப் போடுங்கள். காரணம் எளிது: ‘க’ என்ற எழுத்தைப் பற்றி உங்களுக்கு எந்தக் கருத்தும் இல்லை. யானையைப் பற்றி நிறைய இருக்கிறது.

ஒரு சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வந்தால் இரண்டு எழுத்து போட வேண்டும். *விதிகளை மனிதர்கள் இயற்றுகிறார்கள். ஈர்ப்பு விதி ஒரு விதி. ஆகவே ஈர்ப்பு விதியை மனிதர்கள் இயற்றினார்கள்.* முதல் ‘விதி’ கட்டளை. இரண்டாவது இயற்கையின் ஒழுங்கு. தனித்தனி எழுத்து போட்டதும் வாதத்தின் நடுவில் பாலம் இல்லாதது தெரிந்துவிடும்.

இங்கே மறுபக்கப் பிழையும் உண்டு. ‘இது சிவப்பு, ஆகவே இது நிறமுடையது’ என்பதை ‘க, ஆகவே ச’ என்று மாற்றிவிட்டுச் செல்லாது என்று சொல்லக் கூடாது. சிவப்பு என்பதன் பொருளிலேயே நிறம் இருக்கிறது. சொற்களுக்கு இடையே இத்தகைய பொருள் தொடர்பு இருந்தால் அதையும் ஒரு கூற்றாக எழுதிச் சேர்த்துவிட்டு மேலே போங்கள்.

5. ‘என்றால்’ வரும் வாதங்கள்: நான்கு வடிவங்கள்

‘ஓர் எண் 4ஆல் வகுபடும் என்றால் அது 2ஆல் வகுபடும்.’ இந்த ஒரு கூற்றை வைத்தே நான்கையும் பார்க்கலாம்.

4ஆல் வகுபடும்; ஆகவே 2ஆல் வகுபடும். செல்லும்.

2ஆல் வகுபடாது, ஆகவே 4ஆல் வகுபடாது. செல்லும்.

2ஆல் வகுபடும், ஆகவே 4ஆல் வகுபடும். செல்லாது.

4ஆல் வகுபடாது, ஆகவே 2ஆல் வகுபடாது. செல்லாது.

கடைசி இரண்டையும் 6 என்ற ஒரே எண் உடைத்துவிடுகிறது. 6 இரண்டால் வகுபடும், நான்கால் வகுபடாது. செல்லாத இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்: ஒருவழிப் பாதையை இருவழிப் பாதையாக எடுத்துக்கொள்வது.

எண்களில் எளிதாகத் தெரிகிற இது, அன்றாட விஷயத்தில் மறைந்துகொள்ளும். ‘மின்சாரம் இல்லையென்றால் விளக்கு எரியாது. விளக்கு எரியவில்லை. ஆகவே மின்சாரம் இல்லை.’ விளக்கே பழுதாகியிருக்கலாம். பழுது பார்ப்பவர்கள் சில சமயம் தவறான பாகத்தைக் கழற்றுவதும் இந்த மூன்றாவது வடிவத்தால்தான்.

உங்கள் பிடிப்பைச் சோதிக்க, உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்ட அட்டைப் புதிரைத் தமிழ் எழுத்துகளில் போட்டுப் பாருங்கள். மேசையில் நான்கு அட்டைகள்: ஆ, க, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்’ என்பது உண்மையா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்?

பெரும்பாலோர் ஆ, 4 என்பார்கள். சரியான விடை ஆ, 7. நான்கின் பின்னால் மெய்யோ உயிர்மெய்யோ இருந்தாலும் விதி உடையாது. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடையும். விதியை எது உடைக்கும் என்று தேட வேண்டும். எது அதற்கு ஒத்துப்போகிறது என்று தேடினால் 4தான் கைக்கு வரும்.

இரண்டு ‘என்றால்’ சேரும்போது, ஒன்றின் பின்பகுதியும் அடுத்ததன் முன்பகுதியும் ஒன்றாக இருந்தால்தான் சங்கிலி கோக்கும். ‘க என்றால் ச; ச என்றால் த’ கோக்கும். ‘க என்றால் ச, த என்றால் ச’ கோக்காது.

6. ‘எல்லா’, ‘சில’ வரும் வாதங்கள்: மூன்று வட்டங்கள்

வாதத்தில் மூன்று சொற்கள் இருக்கும். ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களை வரைந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வட்டம் கொடுங்கள்.

‘எல்லாக் ‘க’வும் ‘ச’’ என்றால், ‘க’வில் ‘ச’வுக்கு வெளியே உள்ள பகுதியை நிழலிடுங்கள். நிழல் என்றால் அங்கே எதுவும் இல்லை என்று பொருள். ‘எந்தக் ‘க’வும் ‘ச’ அல்ல’ என்றால் இரண்டும் வெட்டும் பகுதியை நிழலிடுங்கள். ‘சில ‘க’ ‘ச’’ என்றால் வெட்டும் பகுதியில் ஒரு பெருக்கல் குறி. ‘சில ‘க’ ‘ச’ அல்ல’ என்றால் ‘க’வில் ‘ச’வுக்கு வெளியே பெருக்கல் குறி.

நிழலிடும் கூற்றுகளை முதலில் முடித்துவிட்டு, பெருக்கல் குறியைப் பிறகு போடுங்கள். குறி விழ வேண்டிய இடத்தை மூன்றாவது வட்டத்தின் கோடு இரண்டாகப் பிரித்திருக்கும். ஒரு பாதி ஏற்கெனவே நிழலாக இருந்தால் குறி மறுபாதிக்குப் போகும். இரண்டும் வெறுமையாக இருந்தால் குறியைக் கோட்டின் மேலேயே போடுங்கள். எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரியாது. குறியை முதலில் போட்டவர்கள் அதை ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடுவார்கள். பொய்யான முடிவு அங்கே பிறக்கும்.

முடிவை வரையவே கூடாது. கூற்றுகளை மட்டும் வரைந்துவிட்டு, முடிவு கேட்கும் நிழலோ குறியோ ஏற்கெனவே படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செல்லும். வெற்றுப் பகுதியைக் காலியான பகுதியாகப் படிக்காதீர்கள். வெறுமை என்றால் ‘தெரியாது’.

*எல்லா நாய்களும் பாலூட்டிகள். எந்தப் பூனையும் நாய் அல்ல. ஆகவே எந்தப் பூனையும் பாலூட்டி அல்ல.* வரைந்து பாருங்கள். பூனையும் பாலூட்டியும் வெட்டும் இடத்தில், நாய்க்கு வெளியே உள்ள பாதி நிழலில்லாமல் நிற்கும். முடிவு அதையும் நிழலாகக் கேட்கிறது. செல்லாது.

வட்டம் வரைய நேரமில்லாதபோது உதவும் சில குறுக்குவழிகள்:

இரண்டு கூற்றும் மறுப்பாக இருந்தால் எந்த முடிவும் வராது. *எந்தச் சதுரமும் வட்டம் அல்ல. எந்த வட்டமும் செவ்வகம் அல்ல.* இதிலிருந்து ‘எந்தச் சதுரமும் செவ்வகம் அல்ல’ என்று சொன்னால், எல்லாச் சதுரமும் செவ்வகமே என்ற உண்மை வந்து இடிக்கும்.

இரண்டு கூற்றும் ‘சில’வாக இருந்தாலும் எதுவும் வராது. *சில இரட்டை எண்கள் 3ஆல் வகுபடும். 3ஆல் வகுபடும் சில எண்கள் ஒற்றை எண்கள். ஆகவே சில இரட்டை எண்கள் ஒற்றை எண்கள்.* 6ஐயும் 9ஐயும் ஒரே எண்ணாக எண்ணியதன் விளைவு.

இரண்டு கூற்றிலும் வந்து முடிவில் வராத சொல்தான் நடுச்சொல். குறைந்தது ஒரு கூற்றிலாவது அது தன் வகுப்பு முழுவதையும் பற்றிப் பேச வேண்டும். *எல்லாப் பறவைகளும் முட்டையிடும். எல்லா ஆமைகளும் முட்டையிடும்.* முட்டையிடுபவை எல்லாவற்றையும் பற்றி எந்த வரியும் பேசவில்லை. அதனால் ஆமை பறவையாகாது.

அதேபோல், முடிவில் ஒரு சொல் முழு வகுப்பையும் பற்றிப் பேசினால், கூற்றிலும் அது அப்படிப் பேசியிருக்க வேண்டும். எந்தச் சொல் முழுமையாகப் பேசுகிறது? ‘எல்லாக் ‘க’வும் ‘ச’’ என்பதில் ‘க’ மட்டும். ‘எந்தக் ‘க’வும் ‘ச’ அல்ல’ என்பதில் இரண்டும். ‘சில ‘க’ ‘ச’’ என்பதில் எதுவும் இல்லை. ‘சில ‘க’ ‘ச’ அல்ல’ என்பதில் ‘ச’. கடைசியைத்தான் எல்லாரும் மறப்பார்கள். இந்தச் சில ‘க’ மொத்தச் ‘ச’ வகுப்புக்கும் வெளியே நிற்கிறது. அதனால் ‘ச’ முழுவதையும் பற்றிய பேச்சு அது.

மூன்று சொல் கொண்ட இத்தகைய வாதங்களுக்கு மொத்தம் 256 வடிவங்கள் உண்டு. பேசப்படும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றாவது இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 24 செல்லும். ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம் என்று விட்டால் 15தான். எந்த மரபைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை முன்பே தீர்மானியுங்கள். தேர்வு எழுதுபவர்கள் அந்தத் தேர்வின் மாதிரி விடைகளைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

7. எதிர்க்காட்டு கட்டுங்கள்

செல்லாது என்று சந்தேகம் வந்துவிட்டது. அதை மறுக்க முடியாதபடி காட்ட ஓர் எதிர்க்காட்டு போதும்: கூற்றுகள் எல்லாம் உண்மையாகவும் முடிவு மட்டும் பொய்யாகவும் இருக்கும் ஒரு நிலை. முடிவிலிருந்து தொடங்குங்கள்: அதைப் பொய் என்று வைத்துக்கொண்டு, கூற்றுகளை உண்மையாக்க முயலுங்கள்.

*கடவுச்சொல் தவறானால் உள்நுழைய முடியாது. கணக்கு முடக்கப்பட்டால் உள்நுழைய முடியாது. ஆகவே கடவுச்சொல் தவறானால் கணக்கு முடக்கப்படும்.*

முடிவு பொய் என்றால்: கடவுச்சொல் தவறு, கணக்கு முடக்கப்படவில்லை. முதல் கூற்று உண்மையாக வேண்டும். ஆகவே உள்நுழைய முடியாது. இரண்டாவது கூற்று கேட்கும் நிலையே எழவில்லை, அது உடையவில்லை. முரண்பாடு எங்கும் வரவில்லை. ஒரு தடவை தவறாகத் தட்டியவரின் நிலைதான் இது, முடிவு செல்லாது. வழியில் முரண்பாடு வந்திருந்தால் முடிவு செல்லும் என்று அர்த்தம்.

எதிர்க்காட்டுக்கு எண், வடிவம், விலங்கு ஆகிய மூன்றும் நல்ல கிடங்குகள். அவற்றில் எது உண்மை, எது பொய் என்பதில் யாரும் சண்டை போட மாட்டார்கள். அரசியலிலோ ஒழுக்கத்திலோ எடுத்தால் விவாதம் எடுத்துக்காட்டின் மேல் திரும்பிவிடும்.

எதிர்க்காட்டு கிடைக்கவில்லை என்பது செல்லும் என்பதற்குச் சான்றல்ல. உங்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே. அப்போது வட்டத்துக்கோ உண்மை அட்டவணைக்கோ (ஒவ்வொரு எழுத்தும் உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கும் எல்லாச் சேர்க்கைகளையும் வரிசை வரிசையாக எழுதும் அட்டவணை) போக வேண்டும். அட்டவணையில் இரண்டு எழுத்துக்கு 4 வரிசை, மூன்றுக்கு 8, நான்குக்கு 16. அதற்கு மேல் போனால், மேலே செய்ததுபோல் முடிவைப் பொய்யாக்கிப் பின்னோக்கிப் போவதே வேகம்.

8. தீர்ப்பை எழுதும்போது

‘முடிவு பொய்’ என்று எழுதாதீர்கள். ‘இந்தக் கூற்றுகளிலிருந்து இந்த முடிவு வராது’ என்று எழுதுங்கள். எதிர்க்காட்டையும் சேர்த்து எழுதுங்கள். யானை தாவர உண்ணிதான், வாதம் சொத்தையானாலும்.

சொல்லாமல் விட்ட கூற்று ஒன்று இருந்திருக்கலாம். அதைச் சேர்த்தால் வாதம் நிற்குமா என்று ஒரு தடவை பாருங்கள். ஆனால் முடிவையே வேறு சொல்லில் கூற்றாகச் சேர்த்துக் காப்பாற்றுவது காப்பாற்றல் ஆகாது.

9. பழகிப் பார்க்க நான்கு

(1) எல்லாப் பகா எண்களும் 1ஐ விடப் பெரியவை. 9 என்பது 1ஐ விடப் பெரியது. ஆகவே 9 பகா எண்.

(2) கோப்பு சேமிக்கப்பட்டிருந்தால்தான் திறக்கும். கோப்பு சேமிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே திறக்கும்.

(3) எந்த ஊர்வனவும் பாலூட்டி அல்ல. சில செல்லப்பிராணிகள் ஊர்வன. ஆகவே சில செல்லப்பிராணிகள் பாலூட்டிகள் அல்ல.

(4) கூற்றுகள் மூன்றாவதில் உள்ளவையே. ஆகவே சில பாலூட்டிகள் செல்லப்பிராணிகள் அல்ல.

முதலாவது செல்லாது, 9 தானே எதிர்க்காட்டு. இரண்டாவது செல்லாது; ‘தான்’ திசையைத் திருப்பிவிட்டது, சேமித்த கோப்பு சிதைந்தும் இருக்கலாம். மூன்றாவது செல்லும். நான்காவது செல்லாது. திமிங்கிலத்தை யாரும் வீட்டில் வளர்ப்பதில்லை என்பது நமக்குத் தெரியும், ஆனால் அந்த இரண்டு கூற்றுகளுக்குத் தெரியாது. எல்லாப் பாலூட்டிகளும், கூடவே சில ஊர்வனவும் செல்லப்பிராணிகளாக இருக்கும் ஓர் உலகை வரைந்து பாருங்கள்: இரண்டு கூற்றும் அங்கே உண்மை, முடிவு மட்டும் பொய்.